மாதாவுக்குக் கட்டிய நீல சாட்டின்

என் அண்ணி எதெல்மீராவின் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் கையில் ஒரு புழு வரும். "மோந்து பாரு" என்பாள். மோர்ஃபோ என்கிற நீலப் பட்டாம்பூச்சியின் புழுவைக் கொஞ்சம் சீண்டினால் போதும், கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கும். எறும்பையும் குளவியையும் விரட்ட அதற்குத் தெரிந்த வித்தை அதுதான். விருந்தாளிக்குக் குமட்டும், அண்ணிக்குச் சிரிப்பு தாங்காது. எங்கள் ஊர்ப் பாதிரியாரைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயது. குட்டை உருவம். குரல் மட்டும் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். பதினாறு வயதிலிருந்து நாற்பத்தொன்று வரை வாழைத் தோட்டத்தின் கழுவும் கொட்டகையில் நின்றவள். நாள் முழுக்க மருந்துத் தண்ணீரில் கையை விட்டுச் சீப்புகளைக் கழுவி, ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்துகொண்டே இருக்கும். எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஒருநாள் சமூகக் கூடத்தில் பட்டாம்பூச்சி வளர்ப்புப் பயிற்சி என்று அறிவித்தார்கள். இலவசம், மத்தியானம் கோழிச்சோறு உண்டு. நாங்கள் இரண்டு பேரும் கோழிச்சோற்றுக்காகத்தான் போனோம், இதில் மறைக்க என்ன இருக்கிறது. நான் சாப்பிட்டு முடித்துக் கிளம்பிவிட்டேன். அவள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளே வீட்டுக்குப் பின்னால், ஓடைப் பக்கம், மூங்கில் நட்டு வலைக்கூண்டு கட்ட ஆரம்பித்துவிட்டாள். என் அண்ணன் எலியேசர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

முதல் இரண்டு வருஷம் எறும்பு தின்றது, குளவி தின்றது, மிச்சத்தை ஒரு நோய் வந்து கறுப்புத் தண்ணியாகக் கரைத்தது. எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாம் வருஷம் வலைக்கூண்டுக்குள் பூனைக்காலிக் கொடி படர்ந்து, புழுக்கள் தின்று கொழுத்து, ஒரு கம்பி நிறையப் பச்சைக் கூட்டுப்புழுக்கள் தோடு மாதிரித் தொங்கின. அவற்றைப் பஞ்சில் பொதிந்து திங்கள்தோறும் தலைநகரத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே தோன் ஹசிந்தோ என்கிற ஏற்றுமதி வியாபாரி வாங்கிக் குளிர்தேசங்களுக்கு விமானத்தில் அனுப்புவார். அங்கெல்லாம் கண்ணாடித் தோட்டம் கட்டி, அதற்குள் நம் ஊர்ப் பூச்சியைப் பறக்கவிட்டு, டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்களாம். பாவம்.

பார்க்க வேண்டியதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். நீலம் என்றால் என்ன நீலம்! பறக்கும்போது நீலம், பழுப்பு, நீலம், பழுப்பு என்று மின்னி மின்னி மறையும். துரத்துகிற பறவைக்கு அது எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது. உட்கார்ந்து இறக்கையை மூடினால் வெறும் காய்ந்த இலை, அதில் வட்ட வட்டமாகக் கண்கள். இத்தனைக்கும் அந்த இறக்கையில் நீலச் சாயம் ஒரு துளி கிடையாது. விரலில் தேய்த்தால் பழுப்புத் தூள்தான் வரும். செதில்கள் அடுக்கியிருக்கிற விதத்தில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது, அவ்வளவுதான். செத்த பூச்சியின் இறக்கையில் அண்ணி ஒரு சொட்டுச் சாராயம் விட்டுக் காட்டுவாள். பச்சையாகிவிடும். காய்ந்ததும் மறுபடி நீலம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வாய் பிளக்கும்.

போன வருஷம் ஜூலையில் தோன் ஹசிந்தோ ஒரு சேதி சொன்னார். கடல் கடந்து ஒரு பெரிய கண்ணாடித் தோட்டம் திறக்கிறார்கள். வாரம் இருநூறு மோர்ஃபோ வேண்டும், அதுவும் ஒரே வளர்ப்பாளரிடமிருந்து. அண்ணி கார்த்தாகோவில் இருக்கிற எங்கள் கறுப்பு மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அந்த வாய்ப்பு தனக்கே கிடைத்தால் நடந்தே வந்து கும்பிடுவதாகவும், வலைக்கூண்டுக்குள்ளேயே மாதாவுக்கு இடம் செய்து பட்டு கட்டுவதாகவும்.

கிடைத்துவிட்டது. மூன்று நாள் நடந்து, காலெல்லாம் கொப்புளமாக, ஆகஸ்டு இரண்டாம் தேதித் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். வரும்போது பதினோரு மீட்டர் நீல சாட்டின் வாங்கி, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஊற்றுத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தாள். வலைக்கூண்டின் கிழக்குக் கோடியில் மாதாவின் சின்னச் சிலையை வைத்து, சுற்றிலும் அந்தத் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாள். காலை வெயில் பட்டால் ஓடைத் தண்ணீர் மாதிரி அலையடிக்கும்.

மூன்றாம் நாள் எட்டு மணி இருக்கும். நான் அடுப்பில் அவரைச்சோறு கிளறிக்கொண்டிருந்தேன். ஆறே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல்.

"சொராய்தா! ஓடி வாடி! கும்பிடுது! என் பூச்சிங்க மாதாவ கும்பிடுது!"

கரண்டியோடு ஓடினேன். பொய்யில்லை. பத்துப் பதினைந்து மோர்ஃபோக்கள் மாதாவைச் சுற்றிச் சுற்றி வந்தன. சாட்டினில் போய் மோதும், விலகும், மறுபடி மோதும். நீலத்துக்குள் நீலம் கொதிக்கிற மாதிரி இருந்தது. அண்ணி முட்டிபோட்டு அழுதாள். எதற்கும் லேசில் அழாத நானும் அழுதேன். திரும்பிப் போனபோது சோறு கரிந்திருந்தது.

இந்த மாதிரி விஷயம் எங்கள் ஊரில் ஒரு மணிநேரம் தாங்காது. முதல் ஆளாக வந்தது தோன்யா ஹெனோவேவா. ஆணைத் தோன், பெண்ணைத் தோன்யா என்பது எங்கள் ஊர் மரியாதை. ஊரில் ஜெபமாலை நடத்துகிறவள், பாதிரியாருக்கே பாடம் சொல்கிறவள். பார்த்தாள், நெஞ்சில் சிலுவை போட்டாள், மறுநாள் தன் பங்குக்கு இன்னும் பளபளப்பான எட்டு மீட்டர் சாட்டின் கொண்டுவந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர். மெழுகுவர்த்தி, பாட்டு, வாழையிலையில் கட்டி அவித்த சோளமாவுத் தமால். ஆளாளுக்கு ஒரு நீல ரிப்பன். அண்ணி வாசலில் நின்று ஒவ்வொருவர் பாவாடையையும் உதறி, பூச்சி ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவாள்.

ஆகஸ்டு கடைசியில்தான் வினை ஆரம்பித்தது.

மோர்ஃபோ முட்டை வெளிர்ப்பச்சையாகப் பனித்துளி மாதிரி இருக்கும். உயிருள்ள முட்டை என்றால் இரண்டு மூன்று நாளில் அதன் மேல் பழுப்பாக ஒரு வளையம் விழும். அண்ணி தினமும் காலையில் கொடியிலிருந்து முட்டைகளைப் பொறுக்கித் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியால் வளையம் தேடுவாள். வளையம் குறைந்துகொண்டே வந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் தட்டுக்கு நாலு. இரண்டாம் வாரத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெறும் முட்டை.

"ஏற்கனவே வளர்ற புழு இருக்கு, அத வெச்சு ரெண்டு மாசம் ஓட்டிருவேன்" என்றாள் அண்ணி. "அப்புறம்? நவம்பர்ல நான் எத அனுப்புறது, வெத்துப் பஞ்சையா?"

பழி வேறு எங்கே போகும், நேராக என் அண்ணன் தலையில்தான். எலியேசருக்கு வாழைத் தோட்டத்தில் தார்களுக்குப் பை மாட்டுகிற வேலை. ஏணியைப் போட்டு ஏறி, பூச்சிமருந்து தடவிய நீலப் பிளாஸ்டிக் பையைத் தார் மேல் இழுத்துவிட வேண்டும். அந்த மருந்துதான் அவன் சட்டையில் ஒட்டி வருகிறது என்று முடிவு கட்டினாள். அன்றிலிருந்து அவன் ஓடையில் குளித்து, துணி மாற்றி, அதற்கப்புறம்தான் வாசலைத் தாண்டலாம்.

"கல்யாணம் ஆன புதுசுல கூட என்னைய இவ்வளவு குளிக்க வெக்கல" என்று அவன் என்னிடம் புலம்பினான். பூச்சிகளுக்கு அண்ணி அழுகின வாழைப்பழத்தில் வெல்லப்பாகும் கரும்புச் சாராயமும் ஊற்றிப் புளிக்கவைப்பாள். அவை குடித்துவிட்டுத் தள்ளாடும். "அதுங்களுக்கு ஊத்துறா. எனக்கு ஒரு கிளாஸ் கேட்டா முறைக்கிறா."

அவன் குளித்தும் வளையம் வரவில்லை. அண்ணி மாதாவிடம் இன்னும் இரண்டு ரிப்பன் கட்டினாள்.

தோன் ஹசிந்தோ நேரில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. தட்டுகளைப் பார்த்தார், பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

"தோன்யா எதெல்மீரா, நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நவம்பர்ல இடைவெளி விழுந்தா தோட்டம் திறக்குற அன்னிக்கு உள்ள ஒரு பூச்சி இருக்காது. இருபத்தொம்பதாம் தேதி வர்றேன். வளையம் விழுந்த முட்டை காட்டுங்க. இல்லன்னா வேற ஆள்கிட்ட குடுக்கத்தான் வேணும். கோவிச்சுக்காதீங்க."

அவர் போனதும் அண்ணி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் தோல் நன்றாக ஆறியிருந்தது. "கழுவுற கொட்டகையில ஆள் எடுக்குறாங்களாம்" என்றாள். அவளை அந்தத் தண்ணீரில் மறுபடி நிற்கவைக்க நான் விடமாட்டேன் என்று மனசுக்குள் கத்தினேன். ஆனால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. ஹெனோவேவா இருபது பெண்களோடு வந்து மாதாவுக்கு முன்னால் காலை ஜெபமாலை நடத்திக்கொண்டிருந்தாள். அன்று தோட்டத்தில் வேலைநிறுத்தம், அண்ணன் சீக்கிரமே திரும்பிவிட்டான். குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட, வலைக்கு வெளியே நின்றான். அண்ணி அங்கிருந்தே கத்தினாள்.

"சோப்பு போட்டியா?"

அவ்வளவுதான், அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"போட்டேன்! மூணு தடவ போட்டேன்! எல்லாத்துக்கும் நான்தான் கெடைச்சேனா? உன் பூச்சிங்க மாதாவ கும்பிடுதாம், பெரிய அதிசயமாம்! எங்க தோட்டத்துக்கு வந்து பாரு, காட்டுல இருக்குற அத்தன மோர்ஃபோவும் காலங்காத்தால வந்து எங்க வாழத்தார் பைய கும்பிட்டுட்டுத்தான் இருக்கு! முட்டு முட்டுனு முட்டுது! அதுக்கும் மெழுகுவத்தி ஏத்துங்க!"

"வாய கழுவு, எலியேசர்!" என்று ஹெனோவேவா எழுந்தாள். "மாதா சன்னிதியில பேசுற பேச்சா இது?"

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்து திட்டினேன், பழக்கதோஷம். அண்ணி மட்டும் சாட்டினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜெபமாலைக்கு வந்திருந்த பெண்களைப் பார்த்தாள். மறுபடி பூச்சிகளைப் பார்த்தாள்.

"சொராய்தா" என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "நம்ம கோயில்ல ஞாயித்துக்கெழம பூசைக்கு எத்தன ஆம்பள வருவான்?"

"பாதிரியாரோட சேத்து மூணு பேர்."

"அப்ப இங்க ஏண்டி அத்தனையும் ஆம்பளயா இருக்கு?"

நான் பார்த்தேன். பெண் மோர்ஃபோவுக்கு இறக்கை ஓரத்தில் பழுப்புக் கரை அகலமாக இருக்கும், அதில் வெள்ளைப் புள்ளிகள். மாதாவைச் சுற்றி முட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. பெண்பூச்சிகள் எல்லாம் எதிர்க் கோடியில், இலைக்கடியில், இறக்கையை மூடிக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருந்தன. அவற்றைத் திரும்பிப் பார்க்க ஓர் ஆணுக்கும் நேரமில்லை.

காட்டில் நீலத் துணியை ஆட்டினால் ஆண் மோர்ஃபோ சண்டைக்கு வரும். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளும். சின்ன வயதில் ஆற்றங்கரையில் நாங்கள் எல்லோரும் ஆடின விளையாட்டு இது. ஊரில் தெரியாதவர் ஒருவர் கிடையாது. ஆனால் மாதாவின் பட்டை அந்தக் கண்ணோடு யார் பார்ப்பார்கள்? கும்பிடுகிறது, கும்பிடுகிறது என்று நாங்கள் அழுதோமே, அவை கும்பிடவே இல்லை. பத்தொன்பது மீட்டர் அகலத்துக்கு ஒரு ராட்சத ஆண் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்து, ஆறு வாரமாகக் குடும்பத்தை மறந்து சண்டை போட்டிருக்கின்றன. துணி கட்டுவதற்கு முன்னால் ஜோடி சேர்ந்த பெண்பூச்சிகள் ஆகஸ்டு கடைசி வரை நல்ல முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போயின. அப்புறம் வந்த கன்னிகளிடம் ஒருத்தனும் போகவில்லை. எங்கள் புத்தியை எதால் அடிப்பது!

அண்ணி நேராகப் போய்ச் சாட்டினைப் பிடித்தாள். ஹெனோவேவா குறுக்கே பாய்ந்தாள்.

"என்ன பண்றே? மாதாவோட துணிய அவுக்கப் போறியா? இத்தன பேரு முன்னாடி?"

"அவுக்கத்தான் போறேன்."

"இது அதிசயம்டி! கேடு கெட்டவளே, உன் வீட்டுக்கு வந்த அதிசயத்த நீயே கெடுக்குறே! பாத்துக்கோ, மாதா சும்மா விடமாட்டா!"

அண்ணி துணியை விடவில்லை. சிலையின் முகத்துக்கு நேராக நின்று, சத்தமாகவே சொன்னாள்.

"தாயே, நேந்துக்கிட்டது நான். கட்டுனதும் நான். தப்பு என்னோடது, உன்னோடது இல்ல. ஆனா மறுபடி அந்தத் தண்ணியில என்னால நிக்க முடியாது. கோவம்னா அப்புறம் வா, பேசிக்கலாம்."

ஒரே இழுப்பு. பத்தொன்பது மீட்டரும் ரிப்பன்களும் அவள் மேல் சரிந்து விழுந்தன. ஆண்பூச்சிகள் காற்றில் திகைத்துச் சுற்றின. மாதாவை வெறுமனே விட மனசு வராமல், கைக்கு அகப்பட்ட சாக்கைக் கிழித்துச் சிலைக்குச் சுற்றினாள். காட்டிலிருந்து கொடித்தழை வெட்டிச் சுமந்துவருகிற பழஞ்சாக்கு, பழுப்பு நிறம், துளிப் பளபளப்பு கிடையாது. ஹெனோவேவா பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது காறித் துப்பினாள்.

மூன்றாம் நாள் காலை அண்ணி என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கிளையில் இரண்டு மோர்ஃபோ, வாலோடு வால் ஒட்டித் தொங்கின. சற்றுத் தள்ளி இன்னொரு ஜோடி. நாங்கள் இரண்டு கிழவிகளும் வெட்கமில்லாமல் கைதட்டினோம்.

ஆனால் நாள் போதுமா? ஜோடி சேர்ந்த பெண் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முட்டை போடும். வளையம் விழ இன்னும் இரண்டு மூன்று நாள். தினமும் கொடியில் இலை இலையாகத் தேடினோம். இருபத்தாறு வரை ஒன்றும் இல்லை. இருபத்தேழு மத்தியானம்தான் முதல் முட்டைகள் கிடைத்தன. அண்ணி தட்டை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். எலியேசர் தானாகவே போய் நாலு தடவை குளித்தான்.

இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. தோன் ஹசிந்தோவின் வண்டி வந்தது. அதன் பின்னாலேயே ஹெனோவேவாவும் வந்தாள், தனியாக.

"நீ எதுக்கு வந்தே?" என்றேன்.

"மாதா தண்டிக்கிறத பாக்க வந்தேன்" என்றாள், முகத்துக்கு நேராக.

தோன் ஹசிந்தோ தட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தார். எல்லாம் வெளிர்ப்பச்சை, சுத்தமாக, வளையமே இல்லாமல். "இன்னும் ஒரு நாள் குடுங்க. ஜோடி சேந்தத இவளும் பாத்தா" என்று அண்ணி என்னைக் காட்டினாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நாளைக்கு அவங்களுக்கு நான் உங்க பேர உறுதி பண்ணிச் சொல்லணும், தோன்யா. கண்ணால பாக்காம எப்படிச் சொல்லுவேன்?" அவருக்கும் வருத்தம்தான். தொப்பியைக் கழற்றினார். போகிறதுக்கு முன்னால் மாதாவிடம் விடைபெற அந்தக் கோடிக்குப் போனார். எல்லோரும் செய்கிற மாதிரி முட்டிபோட்டு, குனிந்து, துணியின் ஓரத்தை முத்தமிடப் போனார்.

முத்தமிடவில்லை. அப்படியே குனிந்தபடி இருந்துவிட்டார்.

"பூதக்கண்ணாடி" என்று கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

அண்ணி ஓடினாள். நானும் ஓடினேன். சாக்கின் அடி ஓரத்தில், கசங்கிய மடிப்பில், பச்சையாகப் பனித்துளிகள். மோர்ஃபோ காலால்தான் ருசி பார்க்கும். வருஷக்கணக்கில் கொடிச்சாறு ஊறின சாக்கு அது. முதலில் கருவுற்ற பெண் அதில் உட்கார்ந்து, இலைதான் என்று நம்பி, கொடிப்பக்கமே போகாமல் அங்கேயே போட்டுவிட்டது. நாங்கள் இலையெல்லாம் தேடினோம், மாதாவின் உடையில் தேட எங்களுக்குத் தோன்றவில்லை. பதினோரு முட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் பழுப்பு வளையம்.

"இது போதும்" என்றார் தோன் ஹசிந்தோ. "உங்க பேரையே உறுதி பண்ணிர்றேன்."

அண்ணி அழவில்லை, சிரிக்கவில்லை. அவளுக்கு அவசரம். சாக்கில் முட்டையை விட்டுவைத்தால் எறும்பு விடாது, சுரண்டி எடுத்தால் நசுங்கிவிடும், ஓரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினாள். உடனே என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"என்னால முடியல, சொராய்தா. ஒருதடவ அவுத்ததே போதும். மறுபடி அவ துணியில கைவெக்க என்னால முடியல."

"குடு இங்க."

ஹெனோவேவா. எப்போது கிட்டே வந்தாள் என்று தெரியவில்லை. கத்தரிக்கோலை வெடுக்கென்று பிடுங்கினாள், தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள், மாதாவுக்கு முன்னால் முட்டிபோட்டாள். ஜெபமாலை சொல்லும்போதுகூட அவள் அவ்வளவு பணிந்து நான் பார்த்ததில்லை. சாக்கின் ஓரத்தை நூல் நூலாக வெட்டினாள். வெட்டின துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, எங்கள் யாரிடமும் தராமல், தட்டு இருந்த மேஜையை நோக்கி அடிமேல் அடிவைத்து நடந்தாள்.

அண்ணி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அவள் பின்னாலேயே போனாள்.

"பாத்து, தோன்யா. அங்க ஒரு படி இருக்கு. பாத்து."